'சில' என்று எழுதினால் 'எல்லாம்' என்று படிக்கிறார்கள்: சொல்லில் இவ்வளவு கறார் தேவையா?

வெள்ளைத்தாள் | 4 மார்ச் 2024, காலை 9:12

கருத்து புரிந்தால் போதும், சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள் என்பது என் கட்சி. "தடுப்பூசி போட்டவர்களுக்கும் நோய் வருகிறது" என்று எழுதினேன். உண்மைதானே? உடனே "அப்படியானால் தடுப்பூசியே வீண் என்கிறீர்களா?" என்று ஒருவர் கிளம்பினார். இன்னொருவர் எதிர்ப்பாளர் பட்டியலில் சேர்த்துவிட்டார். என் வாக்கியத்தில் எது பொய் என்று மட்டும் கடைசிவரை யாரும் சொல்லவில்லை. தப்பு எழுதியவன் மேலா, படித்தவர்கள் மேலா?

அரைப்புள்ளி | 4 மார்ச், காலை 10:40

பொய் இல்லை, குறை இருக்கிறது. "போட்டவர்களுக்கும்" என்பதில் உள்ள அந்த 'உம்' போடாதவர்களையும் கூடவே இழுத்து வருகிறது. இரண்டு தரப்பை ஒப்பிட ஆரம்பித்துவிட்டு அளவைச் சொல்லாமல் விட்டால், அளவைப் படிப்பவரே நிரப்பிக்கொள்வார். 'சமமாக வருகிறது' என்று ஒருவர் நிரப்புவார், 'அபூர்வமாக வருகிறது' என்று ஒருவர். பிறகு இரண்டு பேரும் நீங்கள் எழுதாத வாக்கியத்துக்குத்தான் பதில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

எண் வைத்துப் பார்த்தால் தெளிவாகும். கணக்குக்காக எடுத்த எண்கள் இவை, எந்த நோயின் தரவும் அல்ல. ஆயிரம் பேர். 900 பேர் தடுப்பூசி போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள். போட்டவர்களில் 18 பேருக்கு நோய், போடாதவர்களிலும் 18 பேருக்கு நோய்.

"நோயாளிகளில் பாதிப் பேர் தடுப்பூசி போட்டவர்கள்." சரி.
"போட்டவர்களில் 2 சதவீதம் பேருக்கும், போடாதவர்களில் 18 சதவீதம் பேருக்கும் நோய்." இதுவும் சரி.

முதல் வாக்கியத்தைப் படித்தவர் ஊசியால் பயனில்லை என்று போவார். இரண்டாவதைப் படித்தவர் நோய் வரும் வாய்ப்பு ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்தது என்று போவார். தரவு ஒன்றுதான். 'இல்' எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்பதில்தான் வேறுபாடு. அது ஒட்டும் சொல்தான் பின்னத்தின் கீழே நிற்கும் எண்ணைத் தீர்மானிக்கிறது. சதவீதம் எழுதும்போதெல்லாம் "எத்தனை பேரில்?" என்று ஒருமுறை கேட்டுக்கொண்டால் சண்டைகளில் பெரும்பங்கு முளைக்காது.

அரைப்புள்ளி | 4 மார்ச், மாலை 6:05

தலைப்பில் கேட்ட 'சில/எல்லாம்' விஷயத்துக்கு இன்னும் வரவில்லை. அதில் மோசமானது எதிர்மறை வாக்கியம்.

"எல்லாரும் வரவில்லை." ஒருவர்கூட வரவில்லையா, வந்தவர்கள் போக மிச்சம் பேர் வரவில்லையா? பேச்சில் குரல் ஏற்ற இறக்கம் காட்டிக்கொடுத்துவிடும். எழுத்தில் அது கிடையாது. "எல்லா ஆய்வுகளும் இதை ஆதரிக்கவில்லை" என்று எழுதியவர் 'சில ஆய்வுகள் ஆதரிக்கவில்லை' என்று நினைத்திருப்பார். எதிராளி ஆதரிக்கும் ஓர் ஆய்வைக் கொண்டுவந்து போட்டு "மாட்டிக்கொண்டீர்கள்" என்பார்.

ஒன்றுமே இல்லை என்றால் "எந்த ஆய்வும் ஆதரிக்கவில்லை". கலவை என்றால் "சில ஆய்வுகள் ஆதரிக்கின்றன, சில இல்லை". எண்ணத் தெரிந்தால் எண்ணி எழுதுங்கள்: "பார்த்த 7 ஆய்வுகளில் 3 ஆதரிக்கின்றன". 'எல்லா' வையும் 'இல்லை' யையும் ஒரே வாக்கியத்தில் வைக்காமல் இருந்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இதன் தம்பி 'போல'. "பழைய மருந்தைப் போல இந்த மருந்து வேலை செய்யவில்லை." பழையது வேலை செய்ததா, அதுவும் செய்யவில்லையா? இரண்டாக உடைத்துவிடுங்கள்: "பழைய மருந்து வேலை செய்தது. இது செய்யவில்லை."

ஒற்று | 4 மார்ச், இரவு 8:31

எல்லாரும் சொல்வதை ஒப்புக்கொள்ள முடியாது.

(எந்தப் பொருளில் என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.)

அரைப்புள்ளி | 5 மார்ச், காலை 7:50

ஒற்று ஒரே வரியில் முடித்துவிட்டார், அதிலும் 'முடியாது' வேறு! இயலாது என்றா, மாட்டேன் என்றா, கூடாது என்றா? மூன்றுக்கும் மூன்று விதமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "இந்தக் கோப்பை மீட்க முடியாது" என்பது தொழில்நுட்பச் செய்தி என்று நினைத்து ஒருவர் வழி தேடித் தருவார். எழுதியவரோ நேரமில்லை என்ற பொருளில் சொல்லியிருப்பார்.

அதைவிடப் பெரிய தொல்லை 'லாம்'. "இந்தக் கோப்பை நீக்கலாம்" என்பது அனுமதியாக இருக்கலாம், ஆலோசனையாக இருக்கலாம். அதே விகுதி "இந்த மருந்து தூக்கத்தை வரவழைக்கலாம்" என்பதில் வாய்ப்பைச் சொல்கிறது. வாய்ப்பு என்றால் எவ்வளவு? நூற்றில் ஒருவருக்கா, பாதிப் பேருக்கா?

இதில் நன்கு பதிவான நிகழ்வு ஒன்று உண்டு. 1951-ல் அமெரிக்க உளவுத்துறை மதிப்பீடு ஒன்று, யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க 'கணிசமான வாய்ப்பு' உண்டு என்ற பொருளில் எழுதியது. அதைத் தயாரித்ததில் பங்குள்ள ஷெர்மன் கென்ட்டிடம் ஓர் அதிகாரி இதற்கு எண் கேட்டார். 65-க்கு 35 என்றார் கென்ட். கேட்டவருக்கு அதிர்ச்சி, அவர் அதைவிடக் குறைவாக நினைத்திருந்தார். பிறகு கென்ட் தன் சகாக்களிடம் தனித்தனியாக விசாரித்தால் 20-லிருந்து 80 வரை பதில் வந்தது. எல்லாரும் சேர்ந்து ஒப்புதல் கொடுத்த வாக்கியம் அது! ஒப்புக்கொண்டது சொல்லை மட்டும்தான். 1964-ல் அவர் எழுதிய கட்டுரையில் 'அநேகமாக' வகைச் சொல்லுக்கு 75 சதவீதம், 12 கூடலாம் குறையலாம் என்று எல்லை வகுத்தார். பருவநிலை மாற்றத்துக்கான ஐ.நா. குழுவும் தன் அறிக்கைகளில் இதே வழிதான்: 'வாய்ப்புண்டு' வகைச் சொல் என்றால் குறைந்தது 66 சதவீதம், அதன் முன் 'மிக' சேர்ந்தால் குறைந்தது 90.

நாம் அட்டவணை போட வேண்டாம். வாதம் அந்தச் சொல்லின் மேல் நிற்கிறது என்றால் பக்கத்தில் ஓர் எண்ணை வைத்தால் போதும். "வரலாம், என் மதிப்பு பத்தில் மூன்று." மதிப்பு தவறாகவே இருந்தாலும் எதிராளிக்கு மறுக்க ஒரு பிடி கிடைக்கும்.

நிரல் | 5 மார்ச், மதியம் 1:22

மென்பொருள் உலகில் இதற்குத் தனி ஆவணமே உண்டு. 1997-ல் வந்த ஆர்எஃப்சி 2119 (இணையத் தொழில்நுட்ப விதிகளுக்கான ஆவண வரிசையில் ஒன்று). 'மஸ்ட்' என்றால் கட்டாயம். 'ஷுட்' என்றால் தக்க காரணம் இருந்தால் விலகலாம், விளைவை முழுதாக எடைபோட்ட பிறகு. 'மே' என்றால் உங்கள் விருப்பம். நாம் மூன்றையும் 'வேண்டும்', 'லாம்' என்ற இரண்டுக்குள் அடைத்துவிட்டு அப்புறம் அடித்துக்கொள்கிறோம். "கடவுச்சொல்லை மாற்ற வேண்டும்" என்று எழுதுவதற்குப் பதில் "கட்டாயம் மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் கணக்கு முடங்கும்" என்றோ "மாற்றுவது நல்லது" என்றோ எழுதிவிடுவேன்.

அரைப்புள்ளி | 5 மார்ச், மதியம் 2:10

நிரல் சொன்னதோடு ஒன்று. 2017-ல் வந்த ஆர்எஃப்சி 8174 அதில் ஒரு விளக்கம் சேர்த்தது: முழுக்கப் பெரிய எழுத்தில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்புப் பொருள், சிறிய எழுத்தில் வந்தால் அன்றாடப் பொருள். தமிழில் பெரிய எழுத்து கிடையாது, ஆகவே 'கட்டாயம்' என்று எழுதியே தீர வேண்டும்.

வெள்ளைத்தாள் | 5 மார்ச், இரவு 9:47

இப்படியே போனால் இரண்டு வரிக் கருத்துக்கும் கிரயப் பத்திரம் மாதிரி எழுத வேண்டிவரும். "மேற்படி நபர், அவருடைய வாரிசுகள்..." யார் படிப்பார்கள்?

அரைப்புள்ளி | 6 மார்ச், காலை 8:15

நியாயமான பயம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களில் முதலாவது 'குன்றக் கூறல்', அடுத்ததே 'மிகைபடக் கூறல்'. குறைத்தாலும் குற்றம், கூட்டினாலும் குற்றம். (இந்த இழை எட்டாவது குற்றமான 'மற்றொன்று விரித்தலை' நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது.)

எல்லாச் சொல்லிலும் கறாராக இருக்கச் சொல்லவில்லை. ஒரு சோதனை இருக்கிறது. சந்தேகமான சொல்லை எடுத்துவிட்டு அதன் பக்கத்துச் சொல்லை வைத்துப் பாருங்கள். 'பெரும்பாலும்' இருந்த இடத்தில் 'சில நேரம்'. முடிவு மாறுகிறதா? மாறினால் அந்தச் சொல்லுக்கு நேரம் செலவிடுங்கள். மாறாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். "நேற்று ஒரு நீளமான கட்டுரை படித்தேன், அதில் சொன்ன முறையில் 40 டிகிரிக்கு மேல் பசை இளகுகிறது" என்பதில் 'நீளமான' எவ்வளவு நீளம் என்று யாரும் கேட்கப்போவதில்லை. '40 டிகிரி' செல்சியஸா ஃபாரன்ஹீட்டா என்பதில்தான் உயிர் இருக்கிறது: 40 டிகிரி ஃபாரன்ஹீட் என்பது ஏறக்குறைய 4.4 செல்சியஸ், குளிர்பதனப் பெட்டிக்குள் இருக்கும் வெப்பநிலை.

எதிராளியின் பதிவைப் படிக்கும்போதும் இதே சோதனைதான். அவர் சொல்லைத் திருத்தினால் அவர் வாதம் விழுமா? விழாது என்றால் திருத்தம் போடாதீர்கள். வாதம் நிற்கும்போது எழுத்துப்பிழையைக் காட்டுவது துல்லியம் ஆகாது, வெறும் சீண்டல்.

அரைப்புள்ளி | 6 மார்ச், இரவு 7:30

எண் சார்ந்த சொற்களில் அடிக்கடி முட்டும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன்.

4 சதவீதம் 6 ஆனது. "2 சதவீதம் உயர்ந்தது" என்பார் ஒருவர், "50 சதவீதம் உயர்ந்தது" என்பார் மற்றவர். முதலாமவர் சொல்ல வேண்டியது "2 சதவீதப் புள்ளிகள்". வம்பே வேண்டாம் என்றால் "4-லிருந்து 6 ஆனது" என்று இரண்டு முனையையும் எழுதிவிடுவது உத்தமம்.

'மூன்று மடங்கு அதிகம்' என்றால் 10 என்பது 30 ஆனதா, 10-உடன் 30 சேர்ந்து 40 ஆனதா? இரண்டு கட்சியிலும் ஆள் உண்டு. "மூன்று மடங்கானது" என்று எழுதினால் 30 மட்டும்தான். 'மூன்று மடங்கு குறைவு' என்பதை விட்டே விடுங்கள். "மூன்றில் ஒரு பங்கானது" என்று எழுதலாம்.

'சராசரி' யும் ஆளை ஏமாற்றும். ஐந்து பேர் ஒரு வேலையை முடிக்க 2, 2, 3, 3, 40 மணி நேரம் எடுத்தார்கள். கூட்டி வகுத்தால் 10. வரிசைப்படுத்தி நடுவில் நிற்பதை எடுத்தால் 3. "சராசரியாகப் பத்து மணி நேரம் ஆகும்" என்பது கணக்கில் சரி, ஆனால் அந்த ஐவரில் யாருக்கும் பத்துக்குப் பக்கத்தில்கூட ஆகவில்லை. எது என்று சொல்லுங்கள்: கூட்டுச் சராசரியா, இடைநிலையா.

அடிப்படை எண்ணை விட்டுவிட்டு மடங்கை மட்டும் சொல்வதன் விலை சில நேரம் பெரிது. 1995 அக்டோபரில் பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு, மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தம் உறையும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரித்தது. உண்மைதான். 7000 பெண்களில் ஒருவருக்கு இருந்தது இருவருக்கு என்றானது. செய்தி 'நூறு சதவீத உயர்வு' என்று பரவ, பலர் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்பு கூடியது. "7000-ல் 1, இப்போது 2" என்று எழுத அதிக இடம் பிடித்திருக்காது.

ஒற்று | 7 மார்ச், காலை 6:58

எண்ணே இல்லாத இடத்திலும் வம்பு உண்டு. "2019-ல் அவர் எழுதியதை மறுத்தார்." எழுதியது 2019-லா, மறுத்தது 2019-லா? அடைமொழியும் காலச்சொல்லும் தங்கள் வினைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்: "அவர் எழுதியதை 2019-ல் மறுத்தார்." 'பழைய தரவுத்தளப் பிழைகள்' என்பதும் அதே சாதி. பழையது தளமா பிழையா? "பழைய தரவுத்தளத்தின் பிழைகள்" என்று வேற்றுமையை விரித்தால் முடிச்சு அவிழும். போதாததற்கு நாம் எழுவாயையும் விழுங்கிவிடுவோம். "சொன்னது தப்பு" என்று மூன்று பேர் பேசும் இடத்தில் எழுதினால் மூன்று பேருக்கும் கோபம் வரும்.

நிரல் | 7 மார்ச், காலை 11:04

பதில் எழுதும்போது என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லையே.

அரைப்புள்ளி | 7 மார்ச், மாலை 5:40

முதலில் எதிராளியின் வாக்கியத்தை அப்படியே நகலெடுத்து மேலே ஒட்டுங்கள். முழு வாக்கியம், நடுவில் வெட்டினால் புள்ளிகள் வைத்துக் காட்டுங்கள். 'ஆனால்', 'எனில்', 'மட்டும்' இருக்கும் பகுதியை வெட்டவே கூடாது. நிபந்தனை அங்கேதான் இருக்கும்.

அடுத்து அதை உங்கள் சொல்லில் ஒரு வரியில் எழுதி, "இதுதானே சொல்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அந்த வரியில் 'அபத்தமாக', 'கண்மூடித்தனமாக' போன்ற அடைமொழி ஒன்று நுழைந்தாலும் அது அவர் கருத்து அல்ல, அதைப் பற்றிய உங்கள் கருத்து. நன்னூல் எழுவகை மதத்தில் (மதம் என்றால் இங்கே கொள்கை, நிலைப்பாடு) 'பிறர்தம் மதமேற் கொண்டு களைவே' என்று ஒன்று வருகிறது. முதலில் எதிர்க் கருத்தை ஏற்று, பிறகு களைவது.

பிறகு எந்த இடத்தில் முரண்படுகிறீர்கள் என்று சொல்லுங்கள்: தரவிலா, சொல்லுக்கான வரையறையிலா, எது முக்கியம் என்ற மதிப்பீட்டிலா. வரையறைச் சண்டையில் தரவைக் கொட்டிப் பயனில்லை. ஒரு பதிவில் ஒரே ஓர் ஆட்சேபம். ஐந்து ஆட்சேபம் வைத்தால் பலவீனமான ஐந்தாவதற்கு மட்டும் பதில் வரும், மற்ற நான்கும் காற்றோடு போகும்.

ஒற்று | 7 மார்ச், மாலை 6:15

ஒரு திருத்தம். அங்கே 'மேற்கொள்வது' வேறு, ஒப்புக்கொள்வது வேறு. ஒப்புக்கொள்வதற்கு அதே பட்டியலில் 'உடன்படல்' என்று தனியாக இருக்கிறது. களைவதற்காகக் கையில் எடுத்துக்கொள்வது என்று வாசிக்கலாம். 'ஏற்று' என்று நீங்கள் எழுதியதைப் படித்தால் உடன்பட்டது மாதிரி ஆகிவிடும்.

அரைப்புள்ளி | 7 மார்ச், மாலை 6:22

இந்த இழையில் இதைவிடப் பொருத்தமான திருத்தம் வராது. 'எடுத்துக்கொண்டு' என்றே வைத்துக்கொள்வோம்.

வெள்ளைத்தாள் | 8 மார்ச், காலை 9:30

சரி, எதிராளியே நடுவில் சொல்லின் பொருளை மாற்றினால்? "இந்த வேதிப்பொருள் ஆபத்தானது" என்று ஆரம்பித்தார். சான்று கேட்டதும் "எதையும் அளவுக்கு மீறினால் ஆபத்துதானே, அதைத்தான் சொன்னேன்" என்கிறார். நாம் நகர்ந்ததும் மறுபடி "ஆபத்தானது, தடை செய்ய வேண்டும்".

அரைப்புள்ளி | 8 மார்ச், மதியம் 12:18

பழைய உத்தி. தத்துவ ஆசிரியர் நிக்கோலஸ் ஷேக்கல் 2005-ல் எழுதிய கட்டுரையில் இதற்குக் கோட்டையும் அதைச் சுற்றிய நிலமும் என்று உருவகப் பெயரே வைத்தார். தாக்கினால் யாரும் மறுக்க முடியாத சிறிய கூற்றுக்குள் ஓடி ஒளிவது, ஆள் போனதும் பெரிய கூற்றுக்குத் திரும்புவது.

மருந்து: சண்டைக்குக் காரணமான சொல்லை இருவரும் பயன்படுத்தக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'ஆபத்தானது' தடை. அப்போது அவர் எழுதியாக வேண்டும்: எவ்வளவு அளவு, எந்த வழியாக உடலுக்குள், எத்தனை நாள், யாருக்கு, என்ன பாதிப்பு. "தினமும் உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம், வாய்வழியாக, ஓராண்டு" என்று வந்தால் அது சோதிக்கக்கூடிய கூற்று. எழுத மறுத்தால் அவரிடம் இருப்பது அந்தச் சொல் மட்டும்தான் என்று தெரிந்துவிடும். 'பாதுகாப்பானது' என்று எதிர்க்கட்சி கட்டுபவருக்கும் இதே கேள்விகள் பொருந்தும்; அவர்களும் சளைத்தவர்கள் அல்ல.

கூடவே 'நிரூபிக்கப்பட்டுவிட்டது', 'கூறப்படுகிறது' இரண்டையும் கண்டால் நிறுத்துங்கள். செய்தவர் யார் என்பதை மறைக்கவே பிறந்த வினைகள் இவை. யார், எத்தனை பேரிடம், எதை அளந்து? "ஓர் ஆய்வில், 24 பேரிடம் காணப்பட்டது" என்று மாற்றி எழுதச் சொன்னால் பாதிப் பேர் தாங்களாகவே குரலைத் தாழ்த்திவிடுவார்கள்.

நிரல் | 8 மார்ச், மாலை 4:44

கேள்வியாகவே வாதிடுபவர்களை என்ன செய்ய? "இது உங்களுக்கே வெட்கமாக இல்லையா?"

அரைப்புள்ளி | 8 மார்ச், மாலை 5:01

வினாக்குறியை எடுத்துவிட்டுச் சொற்றொடராக மாற்றி அவரிடமே நீட்டுங்கள்: "இதற்கு நான் வெட்கப்பட வேண்டும் என்கிறீர்கள், காரணம் என்ன?" அறியாமல் கேட்டவர் என்றால் விளக்கம் வரும். இல்லாவிட்டால் பேச்சு அங்கேயே நிற்கும். இரண்டும் லாபம்.

அரைப்புள்ளி | 9 மார்ச், காலை 7:20

விட்டுப்போனது: எழுதியதை மாற்றும் முறை. பதில்கள் வந்த பிறகு மூலப் பதிவைச் சத்தமில்லாமல் திருத்தினால் கீழே உள்ளவர்கள் காற்றோடு சண்டை போட்டவர்கள் ஆகிவிடுவார்கள். பழைய சொல்லை அடித்துக் காட்டுங்கள், அல்லது அடியில் எழுதுங்கள்: "திருத்தம், 9 மார்ச்: இரண்டாம் பத்தியில் 'எல்லா' என்பது 'பெரும்பாலான' ஆனது. 14-ஆம் மறுமொழி சுட்டியது." எழுத்துப்பிழைக்கு இது வேண்டாம். அளவு, காலம், நிபந்தனை, எதிர்மறை நான்கில் ஏதாவது மாறினால் கட்டாயம். (நிரல் கவனிக்க: 'கட்டாயம்'.)

ஒற்று | 9 மார்ச், காலை 10:36

மட்டுறுத்துநர் "வாக்கெடுப்பு வெள்ளி இரவு 12 மணி வரை" என்று பலகையில் போட்டிருக்கிறாரே, அது வெள்ளி தொடங்கும் நள்ளிரவா முடியும் நள்ளிரவா? 'வரை' என்றால் அந்த நேரம் உள்ளேயா வெளியேயா?

அரைப்புள்ளி | 9 மார்ச், காலை 10:52

அவருக்கு எழுதிவிட்டேன். "15 மார்ச், வெள்ளி, இரவு 11:59 முடிய" என்று மாற்றச் சொல்லியிருக்கிறேன். எந்த நேர மண்டலம் என்று நிரல் கேட்பதற்குள் அதையும் சேர்க்கச் சொல்லிவிட்டேன்.